நெய்வேலி: நகரும் நிலத்தைப் பதிவு செய்வோம்

நிலக்காட்சி ஒளிப்படம் பயில்வோருக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம் எளியது. கேமராவை எடுப்பதற்கு முன் இடத்தைப் பார்த்து வர வேண்டும். எந்தத் திசையிலிருந்து ஒளி விழுகிறது, எந்த மாதத்தில் அங்கே நீர் நிற்கிறது, எங்கே நின்றால் மின்கம்பி குறுக்கிடாது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு உரிய பருவத்தில், உரிய வேளையில் திரும்பிச் செல்ல வேண்டும். நல்ல நிலக்காட்சிப் படங்களில் பெரும்பாலானவை இவ்வாறு முன்கூட்டியே தேடப்பட்ட இடங்களில் எடுக்கப்பட்டவையே.

இந்தப் பாடத்துக்குள் வெளியே சொல்லப்படாத ஒரு நம்பிக்கை இருக்கிறது. இன்று பார்த்த இடம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும் என்பதே அது. நீலகிரியின் மலைச்சரிவுக்கும் செஞ்சிக் கோட்டையின் பாறைக் குன்றுக்கும் அந்த நம்பிக்கை பொருந்தும். கடலூர் மாவட்டத்தின் நெய்வேலிக்குப் பொருந்தாது. இங்கே வயல் குழியாகிறது, குழி மேடாகிறது, மேடு தோப்பாகிறது, ஆறு திசை மாற்றப்படுகிறது. இடம் தேடிப் போகிறவர் குறித்துவைத்த இடம், அவர் திரும்பி வருவதற்குள் இல்லாமல் போகலாம்.

எனவே, நெய்வேலியில் நிலக்காட்சி தேடுவது வெறும் பொழுதுபோக்காக நின்றுவிட முடியாது. அது முறையாகச் செய்யப்பட்டால் ஒரு பொது ஆவணமாகும். செய்யப்படாவிட்டால், ஒரு வட்டாரத்தின் முகம் சாட்சியின்றி மறையும்.

நிலம் நகரும் விதம்

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தோண்டிய கிணற்றில் நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டதைக் கண்டு அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றார் என்பது நெய்வேலியின் தொடக்க வரலாறு. நாற்பதுகளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டு ஆராய்ந்தது. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு முதல் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் முதல் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது.

இங்குள்ளவை ஆழத்தில் துளைத்துச் செல்லும் சுரங்கங்கள் அல்ல; திறந்தவெளிச் சுரங்கங்கள். நிலக்கரிக்கு மேலிருக்கும் மண் முழுவதையும் அகற்றினால்தான் அதனை எடுக்க முடியும். ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து, ஆறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ள வேண்டியிருக்கிறது. ஜெர்மன் தொழில்நுட்பத்தில் அமைந்த, பல வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரம் சுழன்று மண்ணை அறுக்கிறது. கன்வேயர் பட்டை அதைக் கிலோமீட்டர் கணக்கில் கடத்துகிறது. மறுமுனையில் ‘ஸ்பிரெடர்’ எந்திரம் அதைக் கொட்டிப் பரப்புகிறது. பகலிரவு என்ற வேறுபாடின்றி நடக்கும் வேலை இது.

தொடக்க ஆண்டுகளில் அள்ளிய மண் வெளியே குவிக்கப்பட்டது. சமவெளியாக இருந்த வட்டாரத்தில் இன்று குன்றுகள்போல் தெரியும் மேடுகள் அப்படி உருவானவை. பின்னர், நிலக்கரி எடுக்கப்பட்ட பகுதியிலேயே மண் கொட்டப்பட்டது. ஆகவே, சுரங்கம் என்பது ஓரிடத்தில் நிற்கும் பள்ளமன்று. முன்பக்கம் வெட்டியும் பின்பக்கம் மூடியும் அது மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. முன்னால் வயலும் ஊரும், நடுவில் குழி, பின்னால் மண்மேடும் அதில் நடப்பட்ட மரங்களும். இந்த மூன்றும் சேர்ந்ததே நெய்வேலியின் நிலக்காட்சி. இவற்றுள் ஒன்றை மட்டும் படமெடுத்தால் அது பாதிக் கதை.

நிலமும் பொழுதும்

இடத்தையும் வேளையையும் சேர்த்துப் பார்ப்பது தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுதையும், மாலை, யாமம், வைகறை முதலாகச் சிறுபொழுதையும் பிரித்தது. ஒரு நிலத்தை அதற்குரிய பொழுதோடு சேர்த்தே அறிய முடியும் என்பது அந்தப் பகுப்பின் அடிப்படை. இடம் தேடும் ஒளிப்படக்காரரின் குறிப்பேட்டில் இருக்க வேண்டியவையும் இவ்விரண்டே: எங்கே, எப்போது.

‘எங்கே’ என்பதற்கு முதல் உதவி வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்கள் ஏரி, கால்வாய், வண்டிப்பாதை, கோயில் ஆகியவற்றைக் காட்டுகின்றன. சுரங்கத்துக்கு முந்தைய வரைபடம் கிடைத்தால், இன்று குழியாக இருக்கும் இடத்தில் எந்த ஊர் இருந்தது என்பது தெரியவரும். இரண்டாவது உதவி செயற்கைக்கோள் படம். லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்துவருகின்றன. அப்படங்கள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுள் எர்த் செயலியில் ஆண்டுகளைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. நெய்வேலியை அதில் வைத்து நகர்த்தினால், சுரங்கத்தின் முகப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பள்ளி மாணவர்கூடப் புரிந்துகொள்வார்.

ஆனால், வானிலிருந்து பார்ப்பது நடந்து பார்ப்பதற்கு ஈடாகாது. வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிவது நேரில் முந்திரித் தோப்பாக இருக்கும். நீலமாகத் தெரியும் ஏரி கோரைப்புல் மண்டிக் கிடக்கும். கரையில் நின்றால் எதிர்ப்பக்கம் உயர் மின்கோபுரங்கள் வரிசையாக நிற்கும். இடம் தேடும் முதல் நாள் நடப்பதற்கும், கேட்பதற்கும், குறிப்பதற்குமான நாள். மாடு மேய்ப்பவர்களும் ஏரிப் பாசனக்காரர்களும் சொல்லும் தகவல் எந்தச் செயலியிலும் இல்லை. நீர் எந்த மதகில் வருகிறது, பறவை எப்போது இறங்குகிறது, எந்தப் பாதை மழையில் உளையாகும் என்பதை அவர்களே அறிவார்கள்.

சூரியனின் கணக்கு

ஒளிப்படக் கையேடுகளில் ‘பொன்னொளி நேரம்’ என்று ஒன்று பெரிதாகப் பேசப்படுகிறது. சூரியன் அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது ஒளி சாய்வாகவும் மென்மையாகவும் விழும். மேடு பள்ளங்கள் நிழலோடு எடுப்பாகத் தெரியும். அந்த நேரத்தை ஒரு மணி என்று கணக்கிட்டவர்கள் பெரும்பாலும் வட நாடுகளில் வாழ்ந்தவர்கள். லண்டனில் டிசம்பர் மாத நண்பகலில்கூடச் சூரியன் 15 பாகை உயரத்தைத்தான் எட்டும். அங்கே நாள் முழுவதும் சாய்வொளிதான்.

நெய்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பதினொன்றரைப் பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்திலிருந்து 6 பாகை உயர அதற்கு 25 நிமிடமே போதும். எனவே, நம் ஊர்ப் பொன்னொளி நேரம் என்பது அரை மணிதான். வந்து சேர்ந்த பிறகு இடம் தேடுவதற்கு அவகாசமில்லை. தை மாத நடுவில் காலை 6.35-ஐ ஒட்டியும், ஜூன் தொடக்கத்தில் 5.45-ஐ ஒட்டியும் கதிரவன் உதிக்கிறது. அதற்கு அரை மணி முன்னதாகவே, தேர்ந்த இடத்தில் நிற்க வேண்டும்.

உதிக்கும் திசையும் மாறுகிறது. ஜூன் 21-ஐ ஒட்டிச் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. டிசம்பர் 22-ஐ ஒட்டி அதே அளவு தெற்கே தள்ளி உதிக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட 48 பாகை, ஓர் ஏரிக்கரையின் காட்சியை அடியோடு மாற்றிவிடும். மார்கழியில் நீருக்கு மேல் எழும் சூரியன், ஆனியில் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும். சரியாகக் கிழக்கு மேற்காக ஓடும் ஒரு சாலையின் முனையில் சூரியன் வந்து நிற்பது ஆண்டில் இரண்டு காலகட்டங்களில்தான்: மார்ச் மூன்றாம் வாரத்திலும் செப்டம்பர் நான்காம் வாரத்திலும். ஒரு நாள் தவறினால் சமாளிக்கலாம்; ஒரு மாதம் தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும் இங்கே நிழலில்லா நாள் வருகிறது. பகல் 12.10 மணியளவில் நட்டுவைத்த கோலுக்கு நிழல் இருக்காது. அந்த வாரங்களின் நண்பகல் நிலக்காட்சிக்கு ஆகாது. சுரங்கத்தின் படிப்படியான வெட்டுத்தளங்கள் தட்டையாகிவிடும். செம்மண்ணும் வெண்களியும் ஒரே நிறமாக வெளுத்துத் தெரியும்.

பருவமும் காற்றும்

மார்கழி, தை மாதங்களில் மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, மேலேயுள்ள சற்று வெப்பமான காற்றுக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கிறது. ஈரம் பனிமூட்டமாகிறது, புகையும் தூசும்கூட மேலெழ வழியின்றித் தாழ்ந்து படர்கின்றன. வயல்களுக்கு மேல் பனி மிதக்கும் காட்சி அழகானதுதான். அதே அடைப்பில்தான் ஊரார் சுவாசிக்கிறார்கள் என்பதையும் படமெடுப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

காற்றின் திசை இன்னொரு கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தூசும் புகையும் பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவக் காலத்தில் அது தலைகீழாகிறது. ஜூலையில் தெளிவான பார்வை கிடைத்த இடம் டிசம்பரில் மங்கலாக இருப்பதன் காரணம் இதுவே. கோடையில் புழுதியும் வெம்மையும் சேர்ந்து தொலைவை மறைக்கின்றன. ஆடி, ஆவணி மாலைகளில் மேற்கே திரளும் இடிமுகில்கள் பெய்து ஓய்ந்த பின் வரும் அரை மணி நேரம்தான் இந்த வட்டாரத்தின் மிகத் தெளிவான நேரம். நனைந்த மண்ணின் அடுக்குகள் அப்போதுதான் தம் உண்மை நிறத்தைக் காட்டுகின்றன: மேலே செம்மண், அடுத்து மஞ்சளும் வெண்மையுமான மணற்களி, அடியில் கரும்பழுப்பு.

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் ஏரிகள் நிரம்பும் காலம். புயலின் காலமும் அதுவே. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தலைமுறைகளாக நின்ற தோப்புகள் ஒரே இரவில் காட்சியிலிருந்து நீங்கின. நெய்வேலியைச் சுற்றிய நிலம் சுரங்கத்தால் மட்டும் மாறுவதில்லை என்பதற்கு இது சான்று.

பருவத்தோடு தொடர்புடைய ஓர் உண்மையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அனல் மின் நிலையத்தின் இடை சிறுத்த பருத்த கோபுரங்களிலிருந்து வெண்மையாக எழுவது புகையன்று. அவை நீரைக் குளிர்விக்கும் கோபுரங்கள். எழுவது நீராவி குளிர்ந்து உருவாகும் நுண்துளிகள். குளிர்ந்த ஈரமான காலையில் அது நெடுந்தொலைவு நீளும். வறண்ட நண்பகலில் விரைவில் கரையும். நிலக்கரி எரிந்த வாயுக்கள் வெளியேறுவது ஒல்லியாக உயர்ந்து நிற்கும் புகைபோக்கிகள் வழியே. அவற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. மார்கழிக் காலையில் குளிர்விப்புக் கோபுரத்தைப் படமெடுத்து, ‘மாசு’ என்று தலைப்பிடுவது தவறான தகவல். ஆடி நண்பகலில் தெளிந்த வானத்தைப் படமெடுத்து, ‘தூய காற்று’ என்று தலைப்பிடுவதும் அதே அளவு தவறு. காட்சி நம்பும்படி இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது.

எங்கே நிற்பது?

நெய்வேலி நகரியம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, மரங்கள் அடர்ந்த நேரான சாலைகளோடு அமைந்தது. வெளியூர்க்காரர் அங்கே காண்பது பசுமை. அந்தப் பசுமைக்கு அருகிலேயே பழைய ஊர்களின் எச்சம் இருக்கிறது. வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தில் திரளும் கூட்டம், நகரியத்துக்கு முந்திய ஊர் ஒன்றை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

சுரங்கத்துக்குள்ளும் மின் நிலையத்துக்குள்ளும் எவரும் நினைத்தபடி நுழைய முடியாது. சுரங்கச் சட்டத்தின் கட்டுப்பாடுகளும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலும் அங்கே உண்டு. எழுத்துபூர்வ அனுமதி பெற்று, நிறுவனத்தின் ஆளோடு செல்வதே முறை. வெட்டிய மண்ணின் விளிம்பு மழைக்குப் பின் சரியக்கூடியது. எந்தப் படமும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. டிரோன் பறக்கவிடுவோர் 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி அந்த வான்பரப்பு எந்த மண்டலத்தில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அனுமதி தேவைப்படாத பொது இடங்களிலிருந்தே காண்பதற்கு நிறைய இருக்கிறது. மந்தாரக்குப்பம் வழியாக விருத்தாசலம் செல்லும் சாலையிலிருந்து மண்மேடுகளின் வரிசை தெரிகிறது. முன்பு வெறும் மண்ணாக இருந்த சரிவுகளில் இன்று மரங்கள் நிற்கின்றன. கடலூர் அருகே கடலை அடையும் பரவனாறும், வாலாஜா ஏரியும், பெருமாள் ஏரியும் இன்னொரு கதையைச் சொல்கின்றன. நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள நிலத்தடி நீரின் அழுத்தத்தைக் குறைக்க அதனை ஓயாமல் இறைக்க வேண்டியிருக்கிறது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் இந்த வழிகளில் பாசனத்துக்குச் செல்கிறது. மற்ற ஏரிகள் வறண்டிருக்கும் மாதத்தில் இங்கே நீர் தெரிவது சுரங்கத்தின் கொடை; சுற்றியுள்ள கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போவதாக உழவர்கள் முறையிடுவது அதன் மறுபக்கம். ஏரிக்கரையில் நிற்பவர் இரண்டையும் அறிந்து நிற்பது நல்லது.

வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய ஞான சபையைச் சூழ்ந்த வெளிக்குப் பெருவெளி என்றே பெயர். வெற்றிடத்துக்கு ஒரு பெயரும் மதிப்பும் தந்த இடம் இந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான் எனலாம். தைப்பூசம் முழுநிலவை ஒட்டி வருவதால், சூரியன் மறையும் வேளையில் நேரெதிரே நிலவு எழும். தையில் சூரியன் தென்மேற்கில் மறைவதால், நிலவு வடகிழக்கில் எழும். நிற்கும் இடத்தை இந்தக் கணக்கைக் கொண்டே முன்கூட்டி முடிவு செய்யலாம்.

ஆனால், இன்று நிற்க வேண்டிய முதன்மையான இடங்கள் இவை அல்ல. சுரங்க விரிவாக்கத்தின் முகப்பிலுள்ள ஊர்களே அவை: வளையமாதேவி, கரிவெட்டி, கத்தாழை, மும்முடிச்சோழகன் போன்றவை. அங்கே மலையில்லை, அருவியில்லை. வாய்க்கால், வரப்பு, களத்துமேடு, அய்யனார் கோயில், பள்ளிக்கூடம் என எங்கும் காணும் காட்சிதான். எங்கும் காணக்கூடியது என்பதாலேயே எவரும் அதைப் படமெடுப்பதில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் எந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிர் அறுவடையாகும்வரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டனர் உழவர்கள். உயர் நீதிமன்றமும் அந்தக் கேள்வியை எழுப்பியது. பச்சை வயலுக்குள் எந்திரம் நிற்கும் அந்தப் படம் நாடெங்கும் பரவியது. அதே வயல் அதற்கு முந்தைய தையில் எப்படி இருந்தது என்று காட்டும் படம் எத்தனை பேரிடம் இருக்கிறது?

அழகும் பொறுப்பும்

தொழிற்சாலை நிலத்தைக் கலையாகப் பார்ப்பது உலகில் புதிதன்று. ஜெர்மனியின் பெர்ன்ட் பெஷரும் ஹில்லா பெஷரும் 1959 முதல் பல பத்தாண்டுகள் குளிர்விப்புக் கோபுரங்களையும் சுரங்கத் தலைக்கோபுரங்களையும் படமெடுத்தனர். மேகம் மூடிய, நிழலற்ற ஒளியையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கோபுரத்தை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமானால், ஒளி அழகு காட்டக் கூடாது என்பது அவர்கள் கண்ட முறை. கனடாவின் எட்வர்ட் பர்டின்ஸ்கி நேர்மாறான வழியில் சென்றார். உயரத்திலிருந்து எடுக்கப்பட்ட அவருடைய பிரம்மாண்டமான சுரங்கப் படங்கள் மயக்கும் அழகு கொண்டவை. அழிவை அழகாக்கிவிடுகின்றனவா அவை என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

நெய்வேலிக்கு வருவோருக்கும் இந்த இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. அந்திச் செம்மையில் சுழலும் பெருஞ்சக்கரம் பார்ப்போரைக் கவரும். ஆனால், அந்தப் படத்தில் நிலத்தைக் கொடுத்தவரும் இல்லை, அந்தச் சக்கரத்தை இயக்குபவரும் இல்லை. நெய்வேலியின் மின்சாரம் தென்மாநிலங்களின் வீடுகளில் விளக்கேற்றியிருக்கிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது நிலையான வாழ்வைத் தந்திருக்கிறது. 2020-இல் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்ததும் இதே இடத்தில்தான். நிலத்தைப் படமெடுப்பவர் எந்தக் கட்சியும் சேர வேண்டியதில்லை. எதை விட்டுவிடுகிறோம் என்று மட்டும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் நுழையும்போது கேட்டுவிட்டு எடுப்பது அடிப்படை நாகரிகம். நில எடுப்பில் சிக்கிய ஊரில் கேமராவோடு வருபவரை அளவெடுக்க வந்தவர் என்று மக்கள் ஐயுறுவது இயல்பு. யார், எதற்காக, படம் எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டும். எடுத்த படத்தின் ஒரு பிரதியை அந்த வீட்டுக்கே கொடுப்பது, எத்தனையோ விளக்கங்களைவிட நம்பிக்கை தரும்.

ஓர் ஆவணக் காப்பகம் தேவை

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி மதுரை, தஞ்சை, திருச்சி ஆகிய இடங்களில் எடுத்த ஒளிப்படங்களை நாம் இன்றும் பார்க்கிறோம். சென்னை மாகாண அரசு அவரை ஒளிப்படக்காரராக அமர்த்தியதால் கிடைத்த செல்வம் அது. அவர் நின்ற இடத்திலேயே இன்று நின்று பார்த்தால், எது மாறியது, எது நிலைத்தது என்பது விளங்கும். அமெரிக்காவில் மார்க் கிளெட்டும் அவர் குழுவினரும் 1977 முதல் 1979 வரை இதையே ஒரு திட்டமாகச் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்குப் பகுதியை ஆய்வு செய்தவர்கள் எடுத்த படங்களைக் கண்டுபிடித்து, அதே இடம், அதே கோணம், ஏறத்தாழ அதே பருவம், அதே வேளையில் மீண்டும் எடுத்தார்கள். நிழலின் நீளத்தைக்கொண்டு பழைய படத்தின் நேரத்தைக் கணித்தார்கள். இடம் தேடும் கலை அங்கே அறிவியல் முறையானது.

நெய்வேலிக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் வட்டாரம். அதுவும் பழுப்பு நிலக்கரி நிலம். அங்கே 130-க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ சுரங்கத்துக்குப் பலியாகியுள்ளன. சோர்பிய சிறுபான்மையினரின் ஊர்கள் பல அவற்றில் அடக்கம். கடைசியாக இடம்பெயர்ந்த ஊர்களுள் ஒன்றான ஹோர்னோவின் மக்கள் குடியேறிய புதிய இடத்தில், 2006-இல் ‘மறைந்த ஊர்களின் காப்பகம்’ திறக்கப்பட்டது. ஊர்ப் பெயர்கள், வரைபடங்கள், படங்கள், மக்களின் நினைவுகள் அங்கே சேர்க்கப்பட்டுள்ளன. அது எந்த ஊரையும் மீட்டுத் தரவில்லை. ஆனால், பேரக்குழந்தை வந்து ‘நம் ஊர் எது?’ என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

அவர்களிடமிருந்து மண் வெட்டும் தொழில்நுட்பத்தைப் பெற்ற நாம், இந்த ஏற்பாட்டையும் பெற்றிருக்கலாம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நெய்வேலிக்காக ஊரை விட்டவர்களின் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. கேமரா அரிதாக இருந்த காலம் அது என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லலாம். ஒவ்வொரு சட்டைப்பையிலும் கேமரா இருக்கும் இன்றைக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள வேலையன்று. விரிவாக்கத்தின் முகப்பிலுள்ள ஒவ்வோர் ஊரிலும் ஐந்து நிலையான இடங்களைத் தேர்ந்துகொள்ளலாம்: கோயில், ஏரிக்கரை, பள்ளி, தெருமுனை, வயல்வெளி. ஒவ்வோரிடத்திலும் நிற்கும் புள்ளி, நோக்கும் திசை, கேமராவின் உயரம், லென்ஸ், நாள், நேரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை, அதாவது தை அறுவடையில், சித்திரைக் கோடையில், ஐப்பசி மழையில் அதே இடத்திலிருந்து மீண்டும் எடுக்க வேண்டும். அழகான ஒளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; ஒரே மாதிரியான ஒளி போதும். குறிப்பில்லாத அழகிய படத்தைவிடக் குறிப்போடு கூடிய சாதாரணப் படம் இங்கே மதிப்புமிக்கது. சுரங்கம் கடந்துபோன இடங்களில், மண்மேட்டில் காடு வளர்வதையும் இதே முறையில் பதிவு செய்யலாம். காடு வளர்ப்பு பற்றி நிறுவனம் சொல்வதையும் அதை ஐயுறுவோர் சொல்வதையும் அந்த வரிசைப் படங்கள் சோதித்துக் காட்டும்.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதைச் செய்யலாம். அருகிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வழிகாட்டலாம். வீட்டு ஆல்பங்களில் திருமணப் படத்தின் பின்னணியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய தெருவையும் கிணற்றடியையும் நகலெடுத்துச் சேர்க்கலாம். நெய்வேலியில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகக் கண்காட்சி அவற்றை மக்கள் முன் வைக்க ஏற்ற களம். நில எடுப்பு ஆவணங்களில் சர்வே எண்ணும் பரப்பும் மரங்களின் எண்ணிக்கையும் இடம்பெறுகின்றன. ஊரின் தோற்றத்துக்கு அதில் இடமில்லை. எடுப்புக்கு முன் ஒவ்வோர் ஊரும் முறையாகப் படமெடுக்கப்பட்டு, பொதுமக்கள் பார்க்கும் வகையில் காக்கப்பட வேண்டும் என்பதை அரசும் நிறுவனமும் விதியாகவே ஏற்கலாம்.

சுரங்கம் விரிய வேண்டுமா, கூடாதா என்ற கேள்விக்கு ஒளிப்படம் விடை சொல்லாது. அதை மக்களும் மன்றங்களும் முடிவு செய்யட்டும். ஆனால், எது கொடுக்கப்பட்டது என்று தெரியாமல், எது பெறப்பட்டது என்று எடைபோட முடியாது. வளையமாதேவியின் எஞ்சிய வயல்களில் அடுத்த அறுவடை தையில் வரும். அதற்கு முன் யாரேனும் ஒருவர் அங்கே போய், எங்கே நிற்பது என்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.